பெயரை மாற்றிக்கொண்ட இரண்டு பேர்

ஒருவர் தன் பெயரை எதற்காக மாற்றிக்கொள்வார்? ஜோசியர் சொன்னார் என்று மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. சினிமாவுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் "உன் பெயரைக் கேட்டாலே நீ எந்த நாட்டுக்காரன் என்று தெரிந்துவிடுகிறது, அது வியாபாரத்துக்கு ஆகாது" என்பதற்காக மாற்ற வேண்டி வந்தால்?

எரிக் பிரேடன் என்ற நடிகருக்கு நடந்தது அதுதான். அமெரிக்காவில் பகல் நேர டிவி பார்க்கிறவர்களிடம் எரிக் பிரேடன் என்று சொன்னால் சிலருக்கு யோசிக்க வேண்டியிருக்கும். விக்டர் நியூமேன் என்றால் உடனே தெரிந்துவிடும். சி.பி.எஸ். சேனலில் 1973ல் ஆரம்பித்த 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' என்ற மெகா சீரியலில், 1980 பிப்ரவரியில் அந்த வேடத்தில் நுழைந்தார். 2025ல் அதே வேடத்தில் 45 வருடங்கள் முடித்தார். கல்யாணமாகி வந்த புதிதில் அவரைப் பார்க்க ஆரம்பித்த பெண்கள் இன்று பாட்டிகளாகியிருப்பார்கள்!

ஆனால் பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எரிக்கும் இல்லை, விக்டரும் இல்லை. ஹான்ஸ் யோர்க் கூடெகாஸ்ட்.

ஜெர்மன் மொழியில் 'காஸ்ட்' என்றால் விருந்தாளி. 'கூடெ' என்பது 'நல்ல' என்ற சொல்லின் வட்டார வடிவம். நல்ல விருந்தாளி! வேறு நாட்டுக்குப் பிழைக்கப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அந்தப் பெயரைத்தான் அந்த நாடு வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னது.

கீல் நகரத்துக்குப் பக்கத்தில்

ஹான்ஸ் பிறந்தது 1941 ஏப்ரல் 3. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். வடக்கு ஜெர்மனியில் கீல் என்ற துறைமுக நகரத்துக்குப் பக்கத்தில் பிரெடென்பெக் என்ற சின்ன கிராமம். கீல் நகரத்தில் கப்பல் கட்டும் தளங்களும் நீர்மூழ்கிக் கப்பல்களும் இருந்ததால் நேச நாட்டு விமானங்கள் அதைத் தேடித் தேடிக் குண்டு போட்டன. குழந்தைப் பருவம் என்றாலே அவர் நினைவில் முதலில் வருவது அந்தக் குண்டுச் சத்தம்தான்.

அப்பா அந்த ஊரின் மேயர். வசதியான குடும்பம். அவர் நாஜிக் கட்சி உறுப்பினராகவும் இருந்தார். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் அவரைப் பிடித்து அடைத்து வைத்தது. திரும்பி வந்தவர் அதிக காலம் இருக்கவில்லை. ஹான்ஸுக்கு 12 வயது இருக்கும்போது இறந்துவிட்டார். நேற்று வரை மேயர் வீட்டுப் பிள்ளைகள், இன்று வயலில் கூலிக்கு வேலை செய்யும் பிள்ளைகள். குடும்பம் அப்படிச் சரிந்தது.

பையனுக்கு இருந்த ஒரே பிடிமானம் விளையாட்டு. வட்டு எறிதல், ஈட்டி எறிதல், குண்டு எறிதல் மூன்றிலும் கெட்டிக்காரர். 1958ல் ரெண்ட்ஸ்பர்க் கிளப் அணியோடு சேர்ந்து ஜெர்மனியின் தேசிய இளைஞர் அணிப் பட்டத்தை வென்றார். ஆனால் பதக்கம் சோறு போடாது. 1959ல், 18 வயதில், கப்பல் ஏறி நியூயார்க் வந்து சேர்ந்தார்.

நடிகனாக வேண்டும் என்று வந்தவர் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிழைக்க வந்தவர், அவ்வளவுதான்.

மரமில்லில் ராத்திரி, காலேஜில் பகல்

டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்ற ஊரில் ஒரு உறவினர் இருந்தார். முதலில் அங்கே போனார். பிறகு வடக்கே மோன்டானா. அங்கே பண்ணையில் மாடு மேய்க்கும் கௌபாய் வேலை. மிசூலா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தடகள வீரருக்கான உதவித்தொகை கிடைத்தது, ஆனால் அது மட்டும் போதவில்லை. அதனால் பகலில் வகுப்பு, சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை மரம் அறுக்கும் மில்லில் வேலை. பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அந்தத் தூக்கக் கலக்கம் எப்படியிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கேதான் ஒரு விசித்திரமான திருப்பம். நண்பர் ஒருவரோடு சேர்ந்து, இடாஹோ மாநிலத்தின் சால்மன் ஆற்றில் சின்ன மோட்டார் படகில் போய் வந்தார். திரும்பி வர முடியாத ஆறு என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர். அந்த ஆற்றில் கீழே போய், நீரோட்டத்தை எதிர்த்து மேலே வந்து, அதைப் படமாகவும் எடுத்தார்கள். 'தி ரிவர்பஸ்டர்ஸ்' என்பது படத்தின் பெயர். அதை விற்பதற்கு ஆள் தேடித்தான் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். படம் அவருக்குப் பணம் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. ஆனால் அவரை அந்த ஊரில் கொண்டுவந்து விட்டது.

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, ஓட்டலில் கார் நிறுத்தும் வேலை என்று ஓடியது. அப்போதுதான் ஹாலிவுட்டில் ஜெர்மன் உச்சரிப்போடு இங்கிலீஷ் பேசும் ஆட்களுக்குத் தேவை இருப்பது தெரிந்தது. என்ன வேடத்துக்கு? வேறென்ன, நாஜி வேடத்துக்கு!

எல்லா வேடமும் ஒரே வேடம்

1960களின் அமெரிக்க டிவியில் இரண்டாம் உலகப்போர் சீரியல்கள் நிறைய வந்தன. வாரா வாரம் ஜெர்மன்காரர்கள் சாக வேண்டும். ஹான்ஸ் கூடெகாஸ்ட் என்ற பெயரில் அவர் திரும்பத் திரும்ப ராணுவ உடை போட்டார். அவற்றில் பெரிய வாய்ப்பு 'தி ராட் பேட்ரோல்'. 1966லிருந்து 1968 வரை ஏ.பி.சி. சேனலில் 58 பகுதிகள் வந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் கதை. அதில் கேப்டன் டீட்ரிச் என்ற ஜெர்மன் அதிகாரி.

இங்கே அவர் ஒரு காரியம் செய்தார். அந்த அதிகாரியைக் கத்திக் கூச்சல் போடும் கோமாளியாகவோ மிருகமாகவோ நடிக்க மறுத்தார். எதிரிதான், ஆனால் மூளையும் மரியாதையும் உள்ள மனிதன் என்று நடித்தார். சம்பளம் வாங்குகிற இடத்தில் இப்படி அடம்பிடிப்பது சின்ன விஷயமில்லை.

அதற்காக அவர் தன் நாடு செய்ததை மறைக்க நினைத்தார் என்று அர்த்தமில்லை. நடந்தது நேர் எதிர்.

அப்பாவின் தலைமுறை

போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளைகளிடம் பெரியவர்கள் போரைப் பற்றி அதிகம் பேசவில்லை. வீட்டிலும் மௌனம், பள்ளியிலும் மௌனம். யூதர்களுக்கு நடந்த படுகொலையின் முழு அளவு ஹான்ஸுக்குத் தெரிந்தது லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தியேட்டரில். நாஜி ஆட்சியைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்க்கப் போனவர், முகாம்களின் காட்சிகளைப் பார்த்து நிலைகுலைந்து போனதாகப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பாவின் தலைமுறை மீது வந்த கோபம், நமக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்ற கோபம்.

இருபது வயதில் இப்படி ஒரு உண்மை மேலே வந்து விழுந்தால் என்ன செய்வது? அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் உயிரோடு இல்லை. பிரியமான அப்பா வேறு. அவரை வெறுக்கவும் முடியாது, அவர் இருந்த கட்சியை மன்னிக்கவும் முடியாது.

சிலர் இதிலிருந்து தப்பிக்க ஊரையே மறந்துவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. கால்பந்து விளையாட அவர் சேர்ந்த கிளப்பின் பெயர் மக்காபி லாஸ் ஏஞ்சலஸ். யூதர்களின் கிளப்! நாஜிக் கட்சி உறுப்பினரின் மகன், மார்பில் யூதர்களின் நட்சத்திரச் சின்னம் போட்ட அணியில் விளையாடி, 1973ல் அமெரிக்காவின் தேசியக் கோப்பையை அந்த அணியோடு சேர்ந்து வென்றார். பிற்பாடு 1989ல் ஜெர்மன் அமெரிக்கக் கலாச்சார சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மானியர்களையும் யூதர்களையும் உட்கார்ந்து பேச வைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1991ல் ஜெர்மனி அரசு அவருக்கு விருது கொடுத்து கௌரவித்தது.

தான் ஜெர்மானியன் என்பதை அவர் மறைத்ததே இல்லை. ஆனால் பெயர் மட்டும் போய்விட்டது. அது எப்படி?

விலை

1970ல் வெளிவந்த 'கொலோசஸ்: தி ஃபோர்பின் ப்ராஜெக்ட்' என்ற படத்தில் அவருக்குக் கதாநாயகன் வேடம். அமெரிக்காவின் ஏவுகணைகளை எல்லாம் ஒரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிறார் ஒரு விஞ்ஞானி. அந்தக் கம்ப்யூட்டர் ரஷ்யாவின் கம்ப்யூட்டரோடு கைகோத்துக்கொண்டு மனிதர்களையே மிரட்ட ஆரம்பிக்கிறது. அந்த விஞ்ஞானிதான் ஹீரோ. இவர் முதல்முறையாக நாஜி உடை இல்லாமல், அமெரிக்கராக, கதையின் மையத்தில்.

ஆனால் ஒரு நிபந்தனை. யுனிவர்சல் ஸ்டூடியோவின் தலைமையில் இருந்த லூ வாசர்மேன், ஜெர்மன் பெயரோடு யாரும் அமெரிக்கப் படத்தில் ஹீரோ ஆக முடியாது என்று சொல்லிவிட்டார். பெயரை மாற்றினால் வேடம்.

ஹான்ஸ் உடனே சம்மதிக்கவில்லை. அப்பா விட்டுப்போன பெயர் அது. சின்ன வயதில் போய்விட்ட அப்பாவிடமிருந்து மிஞ்சியது வேறு என்ன இருக்கிறது? ஆனால் அவருக்குக் கல்யாணமாகி சில வருடம்தான் ஆகியிருந்தது. வாய்ப்பை விட்டால் திரும்ப ராணுவ உடை. கடைசியில் ஒப்புக்கொண்டார். குடும்பத்தில் வழங்கிய எரிக் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதோடு பிறந்த கிராமமான பிரெடென்பெக்கிலிருந்து பாதியைக் கிள்ளி 'பிரேடன்' என்று சேர்த்துக்கொண்டார்.

கவனித்தீர்களா? ஜெர்மனியை விட்டு வா என்றார்கள். அவர் ஊரின் பெயரையே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கேட்பவர்களுக்கு அது ஆங்கிலப் பெயர். அவருக்கு மட்டும் அது ஊர்.

சரி, இவ்வளவு கொடுத்து வாங்கிய சரக்கு லாபம் தந்ததா என்றால், அதுவும் இல்லை. படத்தைப் பின்னால் வந்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் வெளியான சமயத்தில் அது பெரிய வெற்றி பெறவில்லை. அடுத்த வருடம் 'எஸ்கேப் ஃப்ரம் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் மறுபடி வில்லத்தனமான டாக்டர் வேடம். 1970கள் முழுக்க டிவி தொடர்களில் வாரம் ஒரு வேடம் என்று விருந்தாளி நடிகராகவே ஓடியது. பெயர் போனதுதான் மிச்சம், ஹீரோ ஆகவில்லை.

சோப்பு விற்க வந்த நாடகம்

இந்த இடத்தில் சோப் ஆபரா என்பதன் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் வீட்டிலிருக்கும் பெண்கள் கேட்பதற்காகத் தொடர் நாடகங்கள் வந்தன. அவற்றுக்குச் செலவு செய்தவர்கள் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் மாதிரி சோப்பு கம்பெனிகள். அதனால்தான் அந்தப் பெயர். நாடகம் என்பது இங்கே கலை மட்டுமில்லை, விளம்பரத்துக்குக் கூட்டம் சேர்க்கும் வழி. கூட்டம் நாளைக்கும் வரவேண்டும், அதனால் கதை முடியவே கூடாது.

வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு சுமார் 250 பகுதிகள். ஒரு நாளைக்குப் பல பக்கம் வசனம் மனப்பாடம். மூன்று நான்கு கேமரா வைத்து, முடிந்தவரை ஒரே டேக்கில் அடுத்த காட்சிக்குப் போக வேண்டும். சினிமாக்காரர்கள் இதை மட்டமாகத்தான் பார்த்தார்கள். பிரேடனும் தயங்கித்தான் வந்தார்.

1980 பிப்ரவரியில் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத் தொடராக மாறியது. நேரம் இரட்டிப்பானால் ஆட்களும் வேண்டும் அல்லவா? அந்த மாதம்தான் விக்டர் நியூமேன் வந்தார். இரக்கமில்லாத தொழிலதிபர். மனைவியின் காதலனைப் பிடித்து வீட்டின் நிலவறையில் அடைத்து வைக்கும் கொடூரன். சில வாரம் வைத்திருந்து கதையில் கொன்றுவிடுவதாகத்தான் திட்டம்.

ஆனால் பார்வையாளர்கள் அந்தக் கொடூரனை விட மனமில்லாமல் இருந்தார்கள். தொடரை உருவாக்கிய வில்லியம் பெல்லுக்கும் அது புரிந்தது. சாக வேண்டியவன் பிழைத்துக்கொண்டான்.

நியூமேன் என்றால் புது மனிதன்

இப்போது சிக்கல் பிரேடனுக்குத்தான். மறுபடி ஒரு வில்லன், காரணமே இல்லாமல் கெட்டவன். இதற்குத்தானா இவ்வளவு தூரம் வந்தது? தொடரை விட்டுப் போகிற மனநிலையில் இருந்தார். அப்போது பெல் ஒரு கடந்த காலத்தை எழுதிக் கொடுத்தார்.

விக்டரின் உண்மையான பெயர் கிறிஸ்டியன் மில்லர். அப்பா விட்டுவிட்டுப் போய்விட, வளர்க்க வழியில்லாத அம்மா அவனை அநாதை இல்லத்தில் விட்டுவிடுகிறாள். வளர்ந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மேலே வந்தபிறகு, அவன் பழைய பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனக்குத்தானே புதுப்பெயர் வைத்துக்கொள்கிறான். விக்டர் என்றால் வென்றவன். நியூமேன் என்றால் புது மனிதன்.

சின்ன வயதில் அப்பாவை இழந்தவர், ஒன்றுமில்லாமல் வந்தவர், பெயரை மாற்றிக்கொண்டவர். இந்த மூன்றும் யாருடைய கதை? அந்த அநாதை இல்லத்தைப் பற்றி விக்டர் பேசும் காட்சியை நடித்தபிறகுதான், இனி இந்த வேடத்தில் இருந்துவிடலாம் என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இன்னொரு ஆச்சரியம், பிரேடனின் ஒரே மகனுடைய பெயரும் கிறிஸ்டியன்! தற்செயலோ என்னவோ.

1984ல் விக்டர் தன் தாயைச் சந்திக்கும் கதை வந்தது. தாயாக நடித்தவர் பழம்பெரும் நடிகை டோரதி மெக்வயர். 2003ல் அப்பா வேடத்தில் ஆஸ்கர் விருது பெற்ற ஜார்ஜ் கென்னடி வந்தார். சினிமாவில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும் கதை இது. இங்கே ஒரு மனிதன் அம்மாவைத் தேடி, சுமார் இருபது வருடம் கழித்து அப்பாவைக் கண்டுபிடித்து, அதற்குள் அவனும் வயதாகி, நடிகருக்கும் வயதாகி... இதை வேறு எந்தக் கலையால் செய்ய முடியும்? சோப் ஆபராவைக் கேலி செய்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

1988லிருந்து நீண்ட காலம் அமெரிக்கப் பகல் நேரத் தொடர்களில் முதலிடம் இதற்குத்தான். 1998ல் பிரேடனுக்குச் சிறந்த நடிகருக்கான டேடைம் எம்மி விருது கிடைத்தது. 2007ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். எந்தப் பெயரில்? எரிக் பிரேடன்.

கூட்டம் குறைந்தபோது

கூட்டம் சேர்க்க வந்த நாடகம், கூட்டம் குறைந்தால் என்னாகும்? வேலைக்குப் போகும் பெண்கள் அதிகமானார்கள், கேபிள் சேனல்கள் பெருகின, பிறகு இண்டர்நெட் வந்தது. வானொலிக் காலத்திலிருந்து 72 வருடம் ஓடிய 'கைடிங் லைட்' 2009ல் நின்றது. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' 2010ல் நின்றது. அந்த 2009ல்தான் பிரேடனின் சம்பளத்தைக் குறைக்கும் பேச்சு முறிந்து, அவர் தொடரை விட்டு விலகுவதாகச் செய்தி வந்தது. பிறகு பேசி முடித்துத் திரும்பினார். முப்பது வருடம் தூணாக நின்றவருக்கும் இதுதான் கணக்கு. திரையில் கோடீஸ்வர முதலாளி, ஸ்டூடியோ வாசலில் சம்பளம் பேசும் ஊழியர்.

2023 ஏப்ரலில் தனக்குப் புற்றுநோய் என்று அவரே வீடியோவில் வெளிப்படையாகச் சொன்னார். தன் வயது ஆண்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே நோய் நீங்கிவிட்டது என்ற நல்ல செய்தியையும் சொன்னார்.

கடைசியாக ஒன்று. பிரேடனின் மகன் கிறிஸ்டியன் சினிமாவில் எழுத்தாளர், இயக்குநர். 2018ல் அவர் இயக்கிய 'டென் ஆஃப் தீவ்ஸ்' என்ற படம் வந்தது. அதில் அப்பாவுக்கும் ஒரு சின்ன வேடம். படத்தின் பெயர்ப் பட்டியலில் நடிகர் என்ற இடத்தில் எரிக் பிரேடன். இயக்குநர் என்ற இடத்தில் கிறிஸ்டியன் கூடெகாஸ்ட்.

விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் இருவரும் அப்பா மகன் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்பாவிடம் கழற்றி வைக்கச் சொன்ன பெயரை 48 வருடம் கழித்து மகன் திரையில் போட்டுக்கொண்டார். அந்தப் படம் ஓடுமா என்று யாரும் அந்தப் பெயரைப் பார்த்துக் கவலைப்படவில்லை.